நான் எழுதாத பட்டியல்

தம்பி,

நீ போனை வைத்த பிறகு நான் தைத்த இரண்டு ரவிக்கைக்கும் கை மாறிப்போய்விட்டது. வலது கையை இடப்பக்கமும் இடது கையை வலப்பக்கமும் வைத்துத் தைத்திருக்கிறேன். முப்பத்தைந்து வருஷமாக மெஷின் மிதிக்கிறவளுக்கு இது நடக்கலாமா? பிரித்துத் திரும்பத் தைக்கலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. எழுந்து சந்து முனை வரை போனேன். படகுத்துறைப் பக்கம் இருந்து மீன்கூடைகள் வந்துகொண்டிருந்தன. எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். இப்படியே மூன்று நாள் போயிற்று. இன்று மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு இந்தக் காகிதத்தை எடுத்திருக்கிறேன். போனில் பர்மியில் பேசினால் உனக்குக் கோபம் வேகமாக வருகிறது. தமிழ் என்றால் கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்ததை வைத்து நீ எழுத்துக் கூட்டித்தான் படித்தாக வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டும், நீ மெதுவாகப் படிக்க வேண்டும். தவிர, போனில் சொல்லக் கூடாத சங்கதிகளும் இதில் இருக்கின்றன. எல்லை தாண்டி வருகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் யார் என்று கேட்காதே.

"மத்தவங்க பிள்ளைங்களுக்காக என்னைத் துரத்தி விட்டுட்டியேம்மா" என்று கேட்டாய். நம் சந்து லட்சுமி சித்தி உன்னிடம் சொன்னது பொய்யில்லை. நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ இந்த வீட்டிலேயே இருந்திருக்கலாம். போன மாதம் உன் கல்யாணத்தை நான் போன் திரையில் பார்த்திருக்க வேண்டியதில்லை. இணைப்பு விட்டுவிட்டு வந்து, நீ மாலை போட்டதைப் பார்த்தேன், அவள் போட்டதைப் பார்க்கவில்லை. இதை நானே உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், அதைச் சொன்னால் அதற்கு முன்னால் நடந்த இரண்டையும் சொல்ல வேண்டி வரும். அந்த இரண்டும் உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது நம் பேட்டை அலுவலகம் எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்காது. அப்பா குடிநீர் இலாகாவில் குழாய் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பகோவிலிருந்து உன் பெரியப்பா வந்து ஒரு ராத்திரி தங்கினால்கூட, பொழுது சாயும் முன் வீட்டு ஆட்கள் பேர் பதிந்த குடும்பக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போய் விருந்தாளிப் பட்டியலில் அவர் பேரை எழுதிவிட்டு வர வேண்டும். எழுதாமல் பிடிபட்டால் வீட்டுக்காரனுக்குச் சிறை. பேட்டைத் தலைவர் ஊ தின் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். நாம் நின்றுகொண்டிருப்போம். அந்த அறையில் நாற்காலிகள் இருந்தன, உட்காரச் சொல்ல மாட்டார். எழுபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிற குடும்பம் நம்முடையது. உன் அப்பாவின் தாத்தா இந்த நகரத்துக்கே சாலை போட்டவர். ஆனாலும் ஊ தின் நம் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் "ஓ, இந்தியாக்காரங்களா?" என்று புதிதாகக் கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டு ஆமாம் என்பார். வெளியே வந்ததும் அந்தச் சிரிப்பு அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது.

பிறகு அப்பா இறந்துபோனார். அதற்குச் சில வருஷம் கழித்து நாடு மாறுகிறது என்றார்கள். செய்தித்தாள்கள் புதிது புதிதாக வந்தன, தேநீர்க் கடையில் ஆட்கள் குரலைத் தாழ்த்தாமல் பேசினார்கள். மேலே எங்கோ நடந்த மாற்றம் நம் சந்துக்கு எப்படி வந்தது தெரியுமா? ஊ தின் என்னை உட்காரச் சொன்னார். ஏதோ கையெழுத்துக்குப் போயிருந்தேன். "உட்காரு தங்கச்சி" என்று நாற்காலியைக் காட்டினார். அதிகாரி மாதிரி போடுகிற கால்சட்டையை விட்டுவிட்டு நல்ல பட்டுக் கைலி கட்டியிருந்தார். நான் பயந்துபோய்விட்டேன். இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, இனிமேல் பேட்டைத் தலைவரை மேலிடம் நியமிக்காது, பேட்டை ஜனமே தேர்ந்தெடுக்கும் என்று சட்டம் வந்திருந்தது.

ஜனம் என்றால் எல்லாரும் இல்லை. வீட்டுக்கு ஒரு ஓட்டு. குடும்பக் காகிதத்தில் முதல் பேர் யாருடையதோ அவருக்குத்தான். பத்துப் பத்து வீடாகச் சேர்ந்து ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பத்து வீட்டுத் தலைவர்கள் கூடிச் சீட்டு எழுதிப் பேட்டைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். காகிதத்தில் முதல் பேர் ஆண்பிள்ளை பேர்தானே. சந்தில் இருந்த சுமங்கலிகள் ஒருத்திக்கும் ஓட்டில்லை. தாலி அறுத்தவள் என்று கல்யாண வீட்டில் பின்வரிசையில் உட்காருகிற எனக்கு இருந்தது. நம் பத்து வீட்டு ஆண்களில் யாருக்கும் அந்த அலைச்சல் வேண்டாம், பேசி முடித்து என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்படித்தான் நான் பத்து வீட்டுத் தலைவி ஆனேன். என் வீரத்தைப் பார்த்து ஒன்றும் இல்லை.

அந்தத் தேர்தலில் ஊ தின்னை எதிர்த்து நின்றவர் தோ மியா. உனக்கு நான்காம் வகுப்பு எடுத்த சயாமாதான், வாத்தியாரம்மா. கல்யாணம் செய்துகொள்ளாதவர், தனிக் குடும்பக் காகிதம் வைத்திருந்தார், அதனால் நிற்க முடிந்தது. மழைக்காலத்தில் நம் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் வருமே, அதைப் பற்றி மூன்று வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். சந்துப் பெண்கள் எல்லாரும் அளவு கொடுக்கிற சாக்கில் என் கடைக்கு வந்தார்கள். லட்சுமி சொன்னாள், "அக்கா, உள்ள போறதுக்கு எங்களுக்குன்னு இருக்கிற ஒரே ஆள் நீதான். என் புருஷன் உன்னை ஊ தின்னுக்குத்தான் போடச் சொல்லுவான். நீ எங்க ஓட்டையும் சேர்த்துப் போடுற மாதிரி நினைச்சுப் போடு." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சயாமாவுக்குத்தான் என்று சொன்னேன். மற்ற பெண்களிடமும் அதையே சொன்னேன். மனசார.

தேர்தலுக்கு முந்தின நாள் காலை ஊ தின் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். தேநீர் வரவழைத்தார். "உன் பையனுக்குப் பதினெட்டு ஆகப்போகுதில்ல?" என்றார். உன் குடியுரிமை அட்டைக்குப் பேட்டையிலிருந்து சிபாரிசுக் கடிதம் கேட்டு நான் எட்டு மாதமாக நடந்துகொண்டிருந்தேன். அட்டை இல்லாவிட்டால் உனக்குக் கல்லூரி இல்லை, வேலை இல்லை, ஊர் விட்டு ஊர் போக டிக்கெட் இல்லை. உன் அப்பாவின் தம்பி சாகும்வரை அந்த அட்டை இல்லாமல் போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கியே போனார், உனக்குத் தெரியும். ஊ தின் மேஜை இழுப்பறையைத் திறந்து உன் காகிதத்தை எடுத்து வைத்தார். கையெழுத்து இடம் காலியாக இருந்தது. "நாளை மறுநாள் வந்து வாங்கிக்கோ தங்கச்சி. நான்தான் இந்த நாற்காலியில இருப்பேன்னு நினைக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். ஓட்டு என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

மறுநாள் மடாலயத்து மண்டபத்தில் கூடினோம். முப்பதுக்கு மேல் ஆண்கள், பெண்கள் என்று சயாமாவும் நானும்தான். வெளியே கேட்டருகில் நம் சந்துப் பெண்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் சீட்டை மடியில் வைத்து மறைத்துக்கொண்டு ஊ தின் பேரை எழுதினேன். ரவிக்கை அளவு எழுதுகிற மாதிரி நிதானமாக எழுதினேன். அதுதான் இப்போது நினைத்தால் ஆச்சரியம். அவர் ஏழு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். என் ஒரு ஓட்டு அங்கே இருந்திருந்தாலும் இங்கே இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று நானே எனக்குப் பலமுறை கணக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். வெளியே வந்ததும் லட்சுமி ஓடி வந்து, "நீ போட்டல்ல அக்கா, அது போதும்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். மறுநாள் உன் கடிதம் கையெழுத்தோடு கிடைத்தது. நீ அட்டை எடுத்த அன்று படம் நன்றாக விழவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பிடித்த மட்டன் குழம்பு வைத்தேன். நான் அதைத் தொடாமல் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அடுத்த தடவை தேர்தல் வந்தபோது நாட்டிலேயே வேறு அரசாங்கம் வந்திருந்தது. சயாமா ஜெயித்தார். இந்த முறை நான் ஒழுங்காகத்தான் போட்டேன். உன் அட்டை உன் பையில் இருந்தது, எனக்கென்ன பயம்? அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பயம் போன பிறகு நியாயமாக நடப்பது பெரிய காரியம் இல்லை. சயாமா வந்ததும் பேட்டை அலுவலகக் கதவைத் திறந்தே போட்டார். விருந்தாளிப் பட்டியல் சட்டத்தையும் அதே சமயம் எடுத்துவிட்டார்கள். பகோவிலிருந்து உன் பெரியப்பா மகள் வந்து ஒரு வாரம் தங்கினாள், யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரமும் எனக்கு எதையோ மறந்துவிட்ட மாதிரியே இருந்தது.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன், நீயே பார்த்தாய். குப்பைத்தொட்டி எங்கே வைப்பது என்று மூன்று வாரம் கூட்டம் நடந்ததே! ஊ தின் காலத்தில் என்றால் ஏழை வீட்டு வாசலாகப் பார்த்து ஒரே நாளில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். சயாமா ஒவ்வொரு வீடாகக் கேட்டார். தொட்டி வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், என் வாசலில் வேண்டாம் என்றும் எல்லாரும் சொன்னார்கள். நானும் எழுந்து நின்று, "துணி எடுத்துட்டு வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டா வருவாங்க?" என்று சத்தம் போட்டேன். சயாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, நாளைக்கும் பேசுவோம்" என்றார். ஜனங்கள் அவரையும் திட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்துகிற மாதிரி பேட்டையை நடத்துகிறாள் என்று. எனக்கும் அலுத்துப் போயிற்று. ஆனால் ஒரு நாள் கூட்டம் முடிந்து வரும்போது லட்சுமி சொன்னாள்: "அக்கா, இன்னைக்கு நான் என் புருஷனை எதிர்த்து எல்லார் முன்னாலயும் பேசினேன் பார்த்தியா?" அவள் முகம் சிவந்துபோயிருந்தது. வீட்டில் அடி விழுமோ என்று கேட்டேன். "விழட்டும்" என்றாள். அந்த வருஷம் சாக்கடைக்கு மூடி போட்டார்கள். மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை.

பிறகு ராணுவம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டது. நீ தினமும் ஊர்வலத்துக்குப் போனாய். நான் போகாதே என்று ஒரு தடவை சொன்னேன், நீ கேட்கவில்லை, அதற்குப் பிறகு தண்ணீர் பாட்டிலை மட்டும் நிரப்பிக் கொடுத்தேன். சயாமா இனி வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அலுவலகத்தைப் பூட்டிவிட்டார். ஊ தின் திரும்ப வந்தார். பட்டுக் கைலி போய்ப் பழைய கால்சட்டை வந்தது. என்னைக் கூப்பிட்டு, எடுத்துவிட்ட விருந்தாளிப் பட்டியல் சட்டம் திரும்ப வந்துவிட்டது, பத்து வீட்டுப் பட்டியலையும் இனி நான்தான் வாரா வாரம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றார். ஆகட்டும் என்றுவிட்டேன். நாற்காலி அங்கேயே இருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படி. ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். நீ வெளியே போயிருந்தாய். சயாமா கடைக்குள் வந்தார். குடையும் ஒரு துணிப்பையும் கையில். ரவிக்கை தைக்க வந்தவர் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தார். தன்னைத் தேடுகிறார்கள் என்றார். "நாலே நாள் தங்கிக்கிறேன். அதுக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணிடுவாங்க" என்றார். நான் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே இருந்தேன். பட்டியல் கொண்டுபோய்க் கொடுக்கிறவளே நான். என் வீட்டில் பட்டியலில் இல்லாத ஆள். தினமும் ஊர்வலம் போகிற மகன். "சயாமா, வீட்ல பையன் இருக்கான்" என்றேன். அவர் உடனே எழுந்துவிட்டார். "ஆமா, ஆமா. நான் கேட்டதே தப்பு" என்றார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அவரை அவர் தங்கை வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். நீ அன்று சாப்பிட உட்காராமல் கத்தினாய். "இத்தனை வீடு இருக்கிற ஊர்ல அந்தம்மாவை வெச்சுக்க ஒரு வீடு இல்லையா? எல்லாரும் மனுஷங்களா?" என்றாய். நான் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். எனக்கும் அந்தக் கோபம்தான் என்று நீ நினைத்துக்கொண்டாய். என் தோளைத் தொட்டு, "அழாதம்மா" என்றாய். தம்பி, அந்தத் தொடுதலை வாங்கிக்கொண்டு நான் சும்மா நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே மோசமானது அந்த ஓட்டும் இல்லை, சயாமாவை அனுப்பியதும் இல்லை. அதுதான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கூட்டத்தோடு சேர்த்து அவரை விடுதலை செய்தார்கள். பாதியாகத் திரும்பி வந்தார். ஒரு வாரம் தயங்கிவிட்டு ஒரு நாள் மத்தியானம் போனேன். வாசலிலேயே நின்று இரண்டையும் சொன்னேன், ஓட்டையும் சேர்த்து. உட்காரக்கூட இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஓட்டு சங்கதி அன்னைக்கே தெரியும்மா. வெளிய வரும்போது எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, நீ என் செருப்பைப் பார்த்துக்கிட்டே போன" என்றார்.

"அன்னைக்கு உங்களை இருக்கச் சொல்லியிருக்கணும் சயாமா."

"இருந்திருந்தா உன்னையும் உன் பையனையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. அதுக்காக நீ செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன்." அவர் குரலில் கோபம் இல்லை, வகுப்பில் கணக்குச் சொல்கிற குரல். பிறகு என்னைப் பார்க்காமல், "எனக்கு அன்னைக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு" என்றார். "உன் வீட்டிலிருந்து தங்கச்சி வீட்டுக்குப் போற வழியில மூணு தடவை வழி தவறிட்டேன். பிறந்து வளர்ந்த ஊர்ல."

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பழைய ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று இருக்கின்றன, பிடித்துக் கொடுக்கிறாயா என்று கேட்டார். ஆறு ரவிக்கை எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்று தடவை வழி தவறினார் என்பதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

அதற்கடுத்த வருஷம்தான் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிற சட்டம் கொண்டுவந்தார்கள். பதினெட்டிலிருந்து முப்பத்தைந்துக்குள் இருக்கிற ஆண்பிள்ளைகளின் பட்டியல் பத்துப் பத்து வீடாக வேண்டும். ஊ தின் என் கடைக்கே வந்தார். அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் லட்சுமி அளவு பார்க்கத் திரைக்குப் பின்னால் போயிருந்தாள். அவள் இருப்பது அவருக்குத் தெரியாது. அச்சடித்த தாளை மெஷின் மேல் வைத்தார். "மத்த ஒன்பது வீட்டையும் நீ எழுதிக் கொடு தங்கச்சி. உன் வீட்டை நான் பார்த்துக்கறேன். உன் பையன் வெளியூர்ல வேலைன்னு போட்டுடறேன். யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவருக்கும் வயதாகிவிட்டது, அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி. முன்பு இழுப்பறையைத் திறந்தாரே, அதே முகம்.

நான் வீரமாக ஒன்றும் பேசவில்லை. "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, எழுத வராது" என்றேன். அவர் சிரித்தார். "ஊசியில நூல் கோக்கறதுக்குத் தெரியுதே" என்றார். அப்போதுதான் என் கையில் ஊசி இருப்பதைப் பார்த்தேன். அதைக் கீழே வைத்துவிட்டு, "எழுத மாட்டேன்" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "அப்ப உன் பையன் பேரும் வரும்" என்றார். "வரட்டும்" என்றேன். அவர் தாளை மடித்துக்கொண்டு எழுந்து போனார். லட்சுமி பாதி தைத்த ரவிக்கையோடு திரையை விலக்கிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள்.

அன்று மத்தியானமே ஒன்பது வீட்டுக்கும் போய், பட்டியல் வருகிறது என்று சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொன்னேன், அந்தப் பேரத்தை மட்டும் விட்டுவிட்டு. நீ இரண்டு சட்டையும் சார்ஜரும் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டக் கிளம்பினாய். வேறொரு ஆளை வைத்து அவர்கள் பட்டியல் எழுதி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளில் உன்னோடு சேர்த்து மூன்று பேர் வெளியேறினீர்கள். லட்சுமியின் மகன் பாபு போகவில்லை. ஷ்வேப்யிதா தொழிற்சாலை வேலையை விட்டால் வீடு ஓடாது, இத்தனை பேரில் என் பேரா விழப்போகிறது என்றான். பட்டியலிலிருந்து ஆள் எடுத்த குலுக்கலில் அவன் பேர்தான் விழுந்தது. அவனிடமிருந்து எப்போதோ ஒரு தடவைதான் தகவல் வருகிறது.

ஆக, நான் எழுதாததால் பட்டியல் நிற்கவில்லை. பாபு போனான். நீயும் என்னோடு இல்லை. இது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. மத்தியானம் மெஷின் நிற்கிற நேரத்தில் எல்லாம், அன்று சரி என்று சொல்லியிருந்தால் இப்போது நீ உள்ளே படுத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று தோன்றும். அதே நேரத்தில் பாபுவின் பேரை என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு லட்சுமிக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். நீயும் அதைத் தெரிந்துகொள்ளாமல் அவள் வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாய். என்னால் அந்த வீட்டில் இருக்க முடிந்திருக்காது தம்பி. உனக்காக என்று சொல்லிச் சொல்லியே இரண்டு தடவை ஆளை விட்டுக் கொடுத்தேன். மூன்றாவது தடவையும் உன் பேரைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதில் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன் வாழ்க்கை, உன்னைக் கேட்காமல் முடிவு செய்தேன். அதற்காக நீ கோபப்படு, அது நியாயம்.

பாபு போனதிலிருந்து லட்சுமி என்னோடு நாலு மாதம் பேசவில்லை. உனக்குப் போன் செய்து சொன்னது அந்தத் துக்கத்தில்தான். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது வருகிறாள். ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள், பேச்சு மட்டும் குறைவு. என்னைப் பத்து வீட்டுத் தலைவி பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கரண்ட் எப்போது வரும் என்பதிலிருந்து யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது என்பது வரை பெண்கள் இங்கேதான் வந்து கேட்கிறார்கள், அக்கா என்கிற உரிமையோடு 'அமா, அமா' என்று. எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் போய் விசாரித்துச் சொல்கிறேன்.

உன் பெண்டாட்டி போன வாரம் தனியாகப் பேசினாள். உங்கள் தொழிலாளர் விடுதியில் அறைக்கு எட்டுப் பேராம், தண்ணீர் ஒரு மணி நேரம்தானாம். முதலாளியிடம் பேச உன்னை ஆளாக வைக்க அத்தனை பேரும் கேட்டார்களாம், நீ முடியாது என்றாயாம். "எங்கம்மா இதுல எல்லாம் இறங்கித்தான் எங்க வீடு இப்படி ஆச்சு" என்று சொன்னாயாம். ஒப்புக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த உரிமை கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. ஆனால் எப்போதாவது ஒப்புக்கொண்டால், முதலாளி உன்னைத் தனியாக அழைத்து நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்து, உன் அறைக்கு மட்டும் ஏதாவது செய்கிறேன் என்பார். நல்ல முகத்தோடுதான் சொல்வார். அந்த இடத்தில் உடனே பதில் சொல்லாதே. உன் பெண்டாட்டியிடம் வந்து சொல். நான் யாரிடமும் சொல்லாமல் தனியாக முடிவு செய்தேன், மூன்று தடவையும். சரியாகச் செய்த தடவைகூடத் தனியாகத்தான் செய்தேன்.

இங்கே இந்த வாரம் காலையில்தான் கரண்ட். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை போன் சார்ஜில் இருக்கும், பக்கத்திலேயே இருப்பேன். இதைப் படித்ததும் கூப்பிடு. சயாமாவைப் பற்றிப் படித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்காமல் போகலாம். அப்படியானால் திட்டுவதற்காகவாவது கூப்பிடு. பர்மியிலேயே திட்டு, குறுக்கே பேச மாட்டேன்.

அம்மா